முதல் படகு வாங்குபவருக்கு

கேள்வி இதுதான். கேட்பவர் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர். வெளிநாட்டு வேலையை விட்டுத் திரும்பியிருக்கிறார், கையில் ஏழெட்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர், பிறகு மற்றவர்களின் ஃபைபர் படகில் பங்குக்குப் போனவர். இப்போது சொந்தப் படகு வேண்டும். எதிரே நான்கு வழிகள்: ஊரில் ஒருவர் விற்கும் 30 அடி பழைய ஃபைபர் படகு, மானியத்தில் புதிய ஃபைபர் படகு, ஜெகதாப்பட்டினம் பக்கம் உறவினர் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லும் மரப் படகு, நாகையில் ஒரு விசைப்படகில் பங்கு. எது சரி?

தம்பி, நான்கு படகுகளைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கரையிலிருந்து இறக்குவீர்கள், என்ன வலை போடுவீர்கள், உங்களோடு யார் வருவார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. படகைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. முதல் மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், வாங்கக்கூடிய படகு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

கரையிலிருந்து தொடங்குவோம். உங்கள் ஊர் கோடியக்கரை முனைக்கு வடக்கே, நேராக வங்கக் கடலைப் பார்த்து இருக்கிறது. ஒதுங்குவதற்கு வளைகுடா கிடையாது. சிற்றாறுகளின் முகத்துவாரம் மழைக்காலம் முடிந்ததும் மணல் அடைத்துக்கொள்ளும். முனையைத் தாண்டி மேற்கே திரும்பினால் கடலே வேறு. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் பல இடங்களில் ஐந்தாறு பாகத்துக்கு, அதாவது முப்பது முப்பத்தைந்து அடிக்கு, மேல் ஆழம் இல்லை. அடியில் சேறு, கரையில் பெரிய அலை இல்லை. படகைத் தண்ணீரிலேயே நங்கூரம் போட்டு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதனால்தான் அடி அகன்ற, கனத்த மரப் படகுகள் அங்கே இன்னும் ஓடுகின்றன. கருவேல மரம் இயற்கையாக வளைந்திருக்கும் இடத்தைப் பார்த்து வெட்டி, விலா எலும்பு போன்ற வங்கு செய்து, பலகை அடித்துக் கட்டும் படகு அது. அந்தக் கடலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. உங்கள் கரைக்குக் கொண்டுவந்து தினமும் மணலில் இழுத்து ஏற்றினால் ஆணி தளர்ந்து, பலகைச் சந்து வாய் திறந்துவிடும். அடைப்பதற்குப் பஞ்சும் எண்ணெயும் வாங்கலாம், பக்கத்தில் தச்சர் கிடைப்பாரா? உறவினர் பொய் சொல்லவில்லை, படகு மலிவுதான். உங்கள் கரைக்கு அது ஆகாது. மூன்றாவது வழியை அடித்துவிடுங்கள்.

உங்கள் கரையில் படகு ஒரு நாளைக்கு இரண்டு முறை அலையைத் தாண்ட வேண்டும். போகும்போது படகு லேசாக இருக்கும், அணியம் என்கிற முன்பக்கம் தூக்கலாக இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு ஏறிவிடும். வரும்போதுதான் சோதனை. ஈர வலை, மீன், ஐஸ் எல்லாம் ஏறியிருக்கும். அலை பின்னாலிருந்து வந்து அமரம் என்கிற பின்பக்கத்தைத் தூக்கும். அமரம் அளவுக்கு மீறி அகன்று தட்டையாக இருந்தால், அலை அதைத் தள்ளிக்கொண்டே போய்ப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். அடுத்த அலை பக்கவாட்டில் விழும். படகு கவிழ்வதில் பல இந்தக் கடைசி நூறு மீட்டரில் நடப்பவை. ஆகவே ஒரு படகைப் பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். விற்பவர்கள் எல்லோரும் அணியத்தைத்தான் காட்டுவார்கள், பெயர் எழுதிப் பூ வரைந்திருப்பது அங்கேதானே.

நீளத்தில் ஆசை வேண்டாம். 32 அடிப் படகு கடலில் சுகமாக இருக்கும், கரையில் சுமையாக இருக்கும். வலையும் இன்ஜினும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும் உருப்படியை மணலில் மேலே ஏற்ற வேண்டும். உங்கள் ஊரில் டிராக்டர் இருக்கிறதா, அது எத்தனை படகை இழுக்கிறது, வாடகை யாருக்குப் போகிறது, வடகிழக்குப் பருவத்தில் கடல் கரையை அரித்துவிட்டால் படகை எங்கே வைப்பார்கள் என்று விசாரியுங்கள். டிராக்டர் வராத நாளில் தோள் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள் என்பதும் படகின் நீளத்தை முடிவு செய்யும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 28 அடிக்கு மேல் போகமாட்டேன்.

அடுத்தது வலை. கவலை மீனும் மத்தியும் பிடிக்கும் வலையா, வஞ்சிரத்துக்கு இரவெல்லாம் மிதக்கவிடும் செவுள் வலையா, இறாலுக்கு டிஸ்கோ வலையா, நண்டு வலையா? ஒவ்வொன்றும் படகிடம் வேறு வேலை கேட்கிறது. நண்டு வலை, டிஸ்கோ வலை என்றால் கரையோரத் தொழில், இரண்டு மூன்று பேர் போதும். சிறிய படகும் சிறிய இன்ஜினும் தாங்கும். வஞ்சிர வலை என்றால் வலையின் எடையே பல நூறு கிலோ. இருட்டில் போய் விடியலில் திரும்ப வேண்டும், நான்கு பேர் வேண்டும், நடுவில் வலை குவிக்க இடம் வேண்டும். மூன்று வகை வலை வைத்துப் பருவம் பார்த்து மாற்றிக்கொள்பவர்தான் உங்கள் பகுதியில் நிற்கிறார். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் வந்து தங்கித் தொழில் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால், படகை அங்கே கொண்டுபோய்ச் சில மாதம் வைத்திருக்க வேண்டியிருக்கும். அப்போது வலைச்செலவு இரட்டிப்பாகும். வலைக்குப் பணம் ஒதுக்காமல் முழுவதையும் படகில் போட்டுவிட்டு, வலைக்கு வியாபாரியிடம் கை நீட்டுவதுதான் புதியவர்கள் பலர் விழும் பள்ளம். கையிலுள்ள பணத்தில் படகும் இன்ஜினும் சேர்ந்து பாதியைச் சற்றுத் தாண்டினால் போதும். மிச்சம் வலைக்கும், முதல் இரண்டு மாதம் ஒன்றும் படாமல் போனால் சாப்பாட்டுக்கும்.

ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் வலை வாங்காதீர்கள். சோழமண்டலக் கரையில் எந்த வலை போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதை அரசாங்கத்துக்கு முன்பே ஊர் முடிவு செய்துவிடும். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குவலை பற்றிய சண்டையில் எத்தனை ஊர்கள் பிரிந்து கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் அந்த வலை 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று பல நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. முதல் படகு வாங்குகிறவர் அந்த வழக்குக்குள் தலையை விட வேண்டியதில்லை.

இன்ஜினைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டே வகைதான் உங்களுக்குப் பொருந்தும்: நீண்ட தண்டின் நுனியில் விசிறி வைத்த டீசல் இன்ஜின், அல்லது அமரத்தில் மாட்டும் அவுட்போர்டு. 10 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். ஏறக்குறைய அதே திறனுள்ள இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு அதைப் போல இரண்டு மடங்கு பெட்ரோல் குடிக்கும், நான்கு ஸ்ட்ரோக் இரண்டுக்கும் நடுவே நிற்கும். டீசல் இன்ஜின் சத்தம் போடும், அதிரும், கனக்கும். ஆனால் தண்டைத் தூக்கிவிட்டால் ஒரு முழ ஆழத்திலும் படகு வந்துவிடும், பழுது பார்க்க ஊரிலேயே ஆள் இருப்பார். அவுட்போர்டு லேசானது, அலையில் சட்டென்று திரும்பும். கெட்டுப்போனால் உதிரிபாகத்துக்கு நாகைக்கோ காரைக்காலுக்கோ போக வேண்டிவரும். தினமும் இரண்டு மணி நேரம் ஓடிப்போய் வலை போடுவதானால் டீசல். கரையோரம் பகலில் போய்வரும் நண்டுத் தொழிலானால் அவுட்போர்டு வாங்குவதில் தவறில்லை.

பெரிய இன்ஜின் போட்டால் சீக்கிரம் போய்விடலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சுமை ஏறிய படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் உருப்படி. அதன் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதை நீளம்தான் தீர்மானிக்கிறது. தண்ணீரில் 25 அடி நீளம் படிந்திருக்கும் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 6.7 கடல் மைல் அளவு. அதைத் தாண்ட முயன்றால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயலும். வேகம் கொஞ்சம்தான் கூடும், எரிபொருள் அள்ளிக்கொண்டு போகும். வெறும் படகாக ஓட்டிக் காட்டும்போது பறக்கும் படகு, 400 கிலோ வலையோடு ஊர்ந்துபோவது இதனால்தான். ஓட்டிப் பார்க்கும்போது வலையை ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள். விற்பவர் சாக்குப் போக்குச் சொன்னால் அதுவே ஒரு தகவல்.

இப்போது அந்தப் பழைய ஃபைபர் படகுக்கு வருகிறேன். வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, விற்பவரும் சொல்லியிருக்கமாட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு உதவிப் பணம் குவிந்தபோது கடற்கரை முழுவதும் ஃபைபர் பட்டறைகள் முளைத்தன. அவசரத்தில் செய்த படகுகளில் கண்ணாடி நார் மெலிந்தும், அதை இறுக்கும் ரெசின் பசை தடித்தும் போனவை நிறைய. அவற்றுள் சில இன்னும் பெயிண்ட் மாற்றிப் பெயர் மாற்றிக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது உங்கள் பக்கத்தில்தான். படகுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்று போட்டுவிட்டுப் போனது. அப்போது உடைந்து ஒட்டவைத்த படகா என்று ஊரில் நான்கு பேரைக் கேளுங்கள். ஒட்டவைத்ததே குற்றமில்லை. நன்றாக ஒட்டிய ஃபைபர் பல ஆண்டு தாங்கும். எங்கே ஒட்டியது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படகைப் பார்க்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியலும், ஒரு டார்ச்சும், கூடவே ஒரு ஆளும் வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் இறுக்கமாக, கணீரென்று வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக, உள்ளே காற்றிருப்பது போல் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். இருட்டிய பிறகு உங்கள் ஆளைப் படகுக்குள் டார்ச்சோடு அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். பெயிண்ட் மெலிந்த இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். சீராக மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு இடத்தில் பளிச்சென்றும் பக்கத்தில் கறுப்பாகவும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், நார் சரியாக விரிக்கப்படவில்லை அல்லது பின்னால் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் புதிதாகக் கனமான பெயிண்ட் அடித்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அந்தப் படகைப் பற்றி யோசிக்கத் தொடங்க அந்தப் பெயிண்ட் ஒன்றே போதும்.

அடிக்கட்டையை, ஏரா என்று அப்பா சொல்வாரே, அதைக் குனிந்து பாருங்கள். தினமும் மணலில் தேய்வது அதுதான். பல படகுகளில் அங்கே நார் வெளியே தெரியும், முள் முள்ளாகக் கையில் குத்தும். அதன் வழியாக நீர் உள்ளே போய் அடுக்கைப் பிரிக்கும். புதிதாக நார் போட்டு மூட முடியும், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். அதற்கு வெயில் காலத்தில் சில வாரம் படகு சும்மா கிடக்க வேண்டும். அந்த நஷ்டத்தையும் விலையில் குறையுங்கள். அடுத்தது இன்ஜின் மாட்டும் பின் பலகை. ஃபைபருக்குள் மரப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும், வெளியே தெரியாது. இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் உலுக்கினால் பலகை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் விலை பேசாமலேயே திரும்பிவிடலாம்.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் கட்டுமரம் முழு மரக்கட்டை, என்ன செய்தாலும் மூழ்காது. கவிழ்ந்தால் நிமிர்த்திக்கொண்டு ஏறிவிடலாம். ஃபைபர் அப்படியில்லை, தண்ணீரைவிடக் கனமானது. 800 கிலோ ஃபைபர் உடல் தண்ணீருக்குள்ளும் 250 கிலோ அளவுக்குக் கனக்கும். அதோடு இன்ஜினும் வலையும் சேரும், படகைப் பற்றிக்கொண்டு மிதக்கும் நான்கு பேரின் பாரமும் சேரும். அத்தனையையும் தாங்க அரைக் கன மீட்டராவது ஃபோம், அணியத்திலும் அமரத்திலும் பக்கவாட்டிலும் மூடிய அறைகளில் இருக்க வேண்டும். அந்த அறைகளில் சிலர் ஃபோமுக்குப் பதில் காலி பாட்டில்களைப் போட்டு மூடியிருப்பார்கள். சிலர் அறையை வெட்டித் திறந்து மீன் பெட்டியாக்கிக்கொள்வார்கள். ஃபோம் இருந்தும் அது தண்ணீர் குடித்து ஊறியிருந்தால் படகின் எடைதான் கூடும். புதிய படகு செய்யக் கொடுத்தால், ஃபோம் ஊற்றும் நாளில் நீங்களே பட்டறையில் நில்லுங்கள். பழையதானால் சிறு துளை போட்டுப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள், தண்ணீர் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உயிர்காக்கும் மேலங்கி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரையிலேயே தொங்கவிட்டுப் போகாமல் இருந்தால் சரி.

விசைப்படகில் பங்கு வேண்டாம் என்பேன், என் காரணம் லாபக் கணக்கு மட்டும் அல்ல. விசைப்படகுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களிலும் கடனுக்கு வட்டி ஓடும். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியைக் கரையோரத்தில் போடக் கூடாது, அந்த எல்லை பாரம்பரிய மீனவர்களுக்கானது. நாகைப் படகுகள் தெற்கே இறங்கினால் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய-இலங்கை கடல் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடை செய்தது, அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பெரிதாக உயர்த்தியது. பிடிபட்ட ஆட்கள் சில வாரத்திலோ மாதத்திலோ வந்துவிடலாம், படகு பெரும்பாலும் வருவதில்லை. பங்குதாரர் என்ற முறையில் படகு எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, படகை ஓட்டும் ஸ்ராங்கு. போன படகின் கடன் மட்டும் உங்களுடையது. தடைக்காலத்தில் சிறு படகுகள் கரையோரம் தொழில் செய்கின்றன, வரத்துக் குறைந்திருப்பதால் அந்த இரண்டு மாதம் மீனுக்கு விலையும் நிற்கிறது. இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017-இல் அறிவித்தது அது. அன்றைய கணக்கில் 80 லட்சம் ரூபாய்ப் படகு, 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி மீனவர் பணம். நாள் தொழில் செய்து பழகியவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கி ஆயிரங்கால் தூண்டில் போடுவது வேறு வாழ்க்கை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு அது தலைமுறைத் தொழில். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மிஞ்சுவது பழைய ஃபைபரா, மானியத்தில் புதியதா என்பதுதான். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்குப் படகும் வலையும் வாங்க 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 60 சதவீதம் மானியம் என்று வகுத்தார்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே படகோ சங்க உறுப்பினர் அட்டையோ இல்லாமல் அது எளிதில் வராது. திட்டம் இப்போதும் நடக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா, வரிசை எவ்வளவு நீளம் என்பதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மானியம் கைக்கு வரும் முன் படகுக்கு முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டியிருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டால் பிடிக்கும் மீன் முழுவதும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே, கழிவும் தனி.

என் முடிவு இது: வரிசை குறுகியதாக இருந்தால் 28 அடிப் புதிய படகுக்கு எழுதிக் கொடுங்கள். நீளமாக இருந்தால், நான் சொன்ன சோதனைகளில் தேறி, இரண்டு அடி கூடுதலானாலும் கரையேற்ற ஆளோ டிராக்டரோ இருந்தால் மட்டும் அந்த 30 அடிப் பழைய படகைப் பேசுங்கள். இரண்டில் எதுவானாலும், உங்களோடு கடலுக்கு வரும் மூன்று பேரை முதலில் பேசி வைத்துக்கொண்டு அவர்களையும் படகு பார்க்க அழைத்துப் போங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள், அவர் ஏறி நின்று இரண்டு ஆட்டு ஆட்டினாலே பாதி சொல்லிவிடுவார். பங்கு எப்படிப் பிரிப்பது, வலை கிழிந்தால் யார் செலவு, இன்ஜின் பழுது எந்தக் கணக்கில் என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

பழைய படகானால் கடைசியாகக் காகிதம். படகின் பக்கத்தில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும். அது பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடும், இன்ஜின் எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் மானிய எரிபொருள், புயல் நிவாரணம், காப்பீடு எல்லாம் வரும். விற்பவர் பெயரில் வங்கிக் கடனோ சங்கக் கடனோ பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும். முன்பணமாகச் சிறு தொகை கொடுத்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மீதியை மீன்வளத் துறையில் உங்கள் பெயருக்குப் பதிவு மாறிய பிறகு கொடுங்கள்.